சுருட்டின் சரித்திரம் – 17: விடிவதற்குள் ஆயிரம்

இதுவரை: 1959 ஜனவரியில் கியூபாவின் ஆட்சி ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சிப் படையிடம் வந்தது. 1960 செப்டம்பர் 15 அன்று ஹவானாவின் பெரிய சுருட்டு ஆலைகளுக்குள் அரசின் ஆட்கள் நுழைந்தார்கள். மாண்டிகிறிஸ்டோ சுருட்டை உருவாக்கி, எச். உப்மன் ஆலையையும் நடத்திவந்த மெனெண்டஸ், கார்சியா குடும்பங்கள் ஆலையை, இலைக் கிடங்கை, கணக்குப் புத்தகங்களை எல்லாம் விட்டுவிட்டு வெளியேறின. முதலாளிகள்தான் போனார்கள். ஆலை நிற்கவில்லை. அதே மேசைகளில், அதே தொழிலாளிகள், அதே பெயர் அச்சிட்ட காகிதப் பட்டையைச் சுற்றிச் சுருட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டும் இருந்தன.

இனி...

*

1962-ன் தொடக்கம். மாலை நேரம். வெள்ளை மாளிகையின் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சருக்கு அதிபரிடமிருந்து அழைப்பு வந்தது.

பத்திரிகைக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதற்கான அழைப்பாக இருக்கும் என்று நினைத்துத்தான் சாலிஞ்சர் போயிருப்பார். ஜான் எஃப். கென்னடி கேட்டது வேறு. தனக்கு ஓர் உதவி வேண்டும் என்றார். சுருட்டு வேண்டும். நிறைய வேண்டும்.

எத்தனை?

ஆயிரம். பெத்தீ உப்மன்.

எப்போதைக்கு?

நாளைக் காலைக்குள்.

எதற்கு என்று அதிபர் சொல்லவில்லை. சாலிஞ்சரும் சுருட்டுப் பிரியர்தான். வாஷிங்டனில் எந்தக் கடையில் எந்தச் சரக்கு கிடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனாலும் ஒரே ராத்திரியில் ஆயிரம் சுருட்டு என்பது யாருக்கும் மலைப்பான காரியம். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் கடை கடையாக ஏறி இறங்கட்டும். அந்த ராத்திரிக்குள் போவதற்கு முன், அது எப்படி வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

*

ஏன் பெத்தீ உப்மன்?

ஹெர்மன் உப்மன் என்ற ஜெர்மானிய வங்கிக்காரர் ஹவானாவில் 1844-ல் தொடங்கிய சுருட்டு வகை எச். உப்மன். காரம் அடங்கியது, மணம் தூக்கலானது என்று அந்தக் காலத்திலேயே பெயர் வாங்கியது. அந்தக் குடும்பத்திலேயே ஆகச் சின்ன உருப்படிகளில் ஒன்று பெத்தீ உப்மன். சர்ச்சில் வாயில் நாம் படங்களில் பார்க்கிற, ஒரு மணி நேரத்துக்கு மேல் கனன்றுகொண்டிருக்கும் தடித்த சுருட்டு இல்லை. மெலிசு. அடுத்த கூட்டத்துக்கு ஆட்கள் வந்து உட்காருவதற்குள் முடித்துவிடலாம்.

அதிபரின் வேலைக்கு அதுதான் தோது. பொது இடங்களில் சுருட்டோடு படம் எடுக்கப்படுவதை அவர் அவ்வளவாக விரும்பியதில்லை என்றாலும், அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். 1961 ஜனவரியில் பதவியேற்றபோது நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் அவருக்கு அனுப்பிய பரிசே ஒரு ஹியூமிடார்தான். சுருட்டு காயாமல் வைக்கும் மரப்பேழை. வெளியே வால்நட் மரம், மேலே பெயர் பொறித்த தகடு. அந்தப் பேழையை மறக்காமல் இருங்கள். இந்த அத்தியாயத்திலேயே அது திரும்பி வரும்.

மெலிந்த சுருட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. சீக்கிரம் காய்ந்துவிடும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். குறைந்தால் மேலிலை வெடிக்கும், புகை காரமாகிச் சுடும். கூடினால் பூஞ்சை பிடிக்கும், இழுக்கவே வராது. வெப்பம் ஏறிவிட்டால் இன்னொரு எதிரி வருவான். இலைக்குள் முட்டையாகக் கிடக்கும் புகையிலை வண்டு பொரிந்து வெளியேறும். ஒரு பெட்டியில் ஊசி முனையளவு துளை கண்ணில் பட்டால், பக்கத்துப் பெட்டிகளையும் திறந்து பார்க்காமல் எந்தச் சேகரிப்பாளரும் அன்று தூங்கப் போகமாட்டார். பேழையின் உட்புறம் ஸ்பானிஷ் சீடர் எனப்படும் மரத்தால் இழைக்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அது ஈரத்தை வாங்கி மெதுவாக விடும். அதன் வாசனையும் இலையோடு ஒத்துப்போகும்.

ஆயிரம் சுருட்டை ஒருவர் வாங்குகிறார் என்றால், அது அன்றைய ஆசைக்காக இல்லை. வைத்துக் காப்பாற்றப் போகிறார் என்று அர்த்தம்.

*

கியூபாவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையிலான பகையில் சுருட்டுப் பெட்டி இதற்கு முன்பே இரண்டு முறை பயணப்பட்டிருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் 1962-ன் அந்த இரவு முழுதாகப் புரியும்.

முதல் பெட்டி, விஷப் பெட்டி.

அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, காஸ்ட்ரோவுக்குப் பிடித்த சுருட்டுகளில் ஒரு பெட்டியை எடுத்து, அதில் பாட்டுலினம் என்ற நஞ்சைத் தடவியது. பற்றவைக்க வேண்டியதுகூட இல்லை. வாயில் வைத்தாலே போதும். 1960 அக்டோபர் 7 அன்று பெட்டி தயார். 1961 பிப்ரவரி 13 அன்று, பெயர் வெளியிடப்படாத ஒரு நபரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. இவ்வளவும் 1975-ல் அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. பெட்டி அதற்குப் பிறகு எங்கே போனது என்பதற்கு ஆவணம் இல்லை.

1961 ஏப்ரலில், அமெரிக்கா பயிற்சி கொடுத்து அனுப்பிய படை பன்றிகள் வளைகுடாவில் இறங்கி, மூன்றே நாளில் தோற்றது.

இரண்டாவது பெட்டி, பரிசுப் பெட்டி. இது எதிர்த்திசையில் வந்தது.

1961 ஆகஸ்ட். உருகுவேயின் கடற்கரை ஊரான புண்டா டெல் எஸ்தேவில் அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் பொருளாதார மாநாடு. கியூபாவின் சார்பில் வந்திருந்தவர் சே குவேரா. அமெரிக்கக் குழுவில் கென்னடியின் உதவியாளர் ரிச்சர்டு குட்வின். வயது 29. குட்வின் சுருட்டுப் பிடிப்பதை சே கவனித்திருக்கிறார். கியூபச் சுருட்டைத் தொட இவருக்குத் துணிச்சல் வராது என்று ஒருவரிடம் சொல்ல, கிடைத்தால் பிடிப்பேன் என்று குட்வின் பதில் அனுப்பினார்.

அன்றே அவர் அறைக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது.

பளபளவென்று தேய்த்த மகாகனி மரம். மூடியில் கியூபாவின் தேசிய முத்திரை வண்ணம் வண்ணமாக இழைத்துப் பதிக்கப்பட்டிருந்தது. பித்தளைச் சாவியில் குட்டியாக ஒரு கியூபக் கொடி. உள்ளே இடைவெளியில்லாமல் ஹவானாவின் உயர்ந்த சுருட்டுகள். கூடவே சேயின் குறிப்பு: வாழ்த்து அட்டை கைவசம் இல்லாததால் எழுத வேண்டியிருக்கிறது, எதிரிக்கு எழுதுவது கடினம் என்பதால் கையை நீட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்ற பொருளில்.

மாநாடு முடிந்த பிறகு மாண்டெவிடியோவில் ஒரு விருந்தில் இருவரும் சந்தித்து, விடிய விடியப் பேசினார்கள். பன்றிகள் வளைகுடாவுக்காக சே நன்றி சொன்னார். அந்தப் படையெடுப்புதான் புரட்சியைக் கெட்டிப்படுத்தியது என்பது அவர் கணக்கு.

குட்வின் அந்தப் பெட்டியை வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து அதிபரின் மேசை மேல் வைத்தார். நல்ல சுருட்டா என்று கேட்டார் கென்னடி. இருப்பதிலேயே சிறந்தது என்றார் குட்வின். கென்னடி உடனே ஒன்றை எடுத்து, முனையைக் கடித்து, பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. முதல் சுருட்டை நீயல்லவா பிடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று குட்வினைப் பார்த்துச் சொன்னார்.

குட்வின் பிற்காலத்தில் இதைக் கலகலப்பான கதையாகத்தான் சொன்னார். ஆறு மாதம் முன்பு எதிர்த்திசையில் ஒரு விஷப் பெட்டி புறப்பட்டது என்பதை அறிந்த நம்மால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. சே நீட்டிய கை வெறும் கையாகவே இருந்தது. அதைப் பற்ற யாரும் முன்வரவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம்.

*

கயிறு இறுகிக்கொண்டே வந்தது.

1960 ஜூலையில், கென்னடிக்கு முந்தைய ஐசனோவர் அரசு கியூபச் சர்க்கரையின் ஒதுக்கீட்டை வெட்டியது. அக்டோபரில் உணவும் மருந்தும் தவிர மற்ற ஏற்றுமதிகளை நிறுத்தியது. 1961 ஜனவரியில் தூதரக உறவு முறிந்தது. 1962 ஜனவரி இறுதியில், அதே புண்டா டெல் எஸ்தேவில் கூடிய அமெரிக்க நாடுகளின் அமைப்பு கியூபாவை வெளியே தள்ளியது.

மிச்சமிருந்தது ஒன்றுதான். கியூபாவிலிருந்து வரும் பொருட்களை முற்றாக நிறுத்துவது. அதில் பெரிய பொருள் புகையிலை.

சுருட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் என்ன? இந்த யோசனை வெள்ளை மாளிகைக்குள் உண்மையாகவே எழுந்தது. விலக்குக் கொடுக்கப் பார்த்தோம், டாம்பாவின் சுருட்டு உற்பத்தியாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கென்னடி தன்னிடம் சொன்னதாகக் குட்வின் பின்னாளில் கூறியிருக்கிறார்.

டாம்பாவை இந்தத் தொடரின் வாசகர்கள் அறிவார்கள். ஃபுளோரிடாவின் சுருட்டு நகரம். ஹோசே மார்த்தி கியூப விடுதலைக்குப் பணம் திரட்டிய ஊர். அங்கிருந்த ஆலைகள் கியூபாவின் இலையைக் கப்பலில் வரவழைத்து, அமெரிக்க மண்ணில் சுருட்டாக்கி விற்றன. அவர்களுடைய பயம் நியாயமானது. தடை வந்தால் இலை வரத்து நின்றுவிடும். இலை நின்று, ஹவானாவில் செய்து முடித்த சுருட்டுக்கு மட்டும் கதவு திறந்திருந்தால், டாம்பா மறுநாளே படுத்துவிடும். போவதானால் இரண்டும் சேர்ந்தே போகட்டும் என்றார்கள்.

அப்படியே ஆனது. ஆனால் டாம்பா பிழைக்கவில்லை. கிடங்கில் இருந்த இலை தீரத் தீர, ஆலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. டாம்பாவின் ஈபோர் சிட்டியில் தலைமுறை தலைமுறையாகச் சுருட்டுச் சுற்றிய கியூப, ஸ்பானிய, இத்தாலியக் குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேடிப் போயின. அவர்களுக்கு யாரும் முந்தின நாள் மாலையில் தகவல் சொல்லி, வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

*

விடிந்தது.

காலை எட்டு மணிவாக்கில் சாலிஞ்சர் தன் அறைக்குள் நுழையும்போதே அதிபரின் நேரடித் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. உடனே வரச் சொன்னார் கென்னடி.

கிடைத்ததா?

கிடைத்தது என்றார் சாலிஞ்சர். ஆயிரம் கேட்ட இடத்தில் 1,200.

கென்னடியின் முகத்தில் சிரிப்பு. மேசை இழுப்பறையைத் திறந்தார். நீளமான ஒரு தாளை வெளியே எடுத்தார். அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

கியூபப் பொருட்கள் அனைத்தையும் அமெரிக்காவுக்குள் தடை செய்யும் ஆணை அது.

இந்தக் காட்சிக்கு ஒரே சாட்சி சாலிஞ்சர்தான். முப்பது ஆண்டு கழித்து, 1992-ல், சிகார் அஃபிசியனாடோ இதழில் அவரே எழுதியது. கதை சொல்வதில் வல்லவர், ஓரங்களை மெருகேற்றியிருக்கலாம். ஆனால் தாள் உண்மை. பிரகடனம் எண் 3447. தேதி 1962 பிப்ரவரி 3, சனிக்கிழமை. அமலுக்கு வந்தது பிப்ரவரி 7, நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில்.

பிரகடனத்தைப் படித்தால் அதில் சுருட்டு என்ற பேச்சே கிடையாது. கம்யூனிச வல்லரசுகளோடு கியூபா கொண்ட கூட்டு, அரைக்கோளத்தின் பாதுகாப்பு என்று போகிறது. அந்தக் கடுமையான வாசகங்களுக்கும், பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்த்த உப்மன்களுக்கும் நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஓர் அரசாணை மக்களின் வாழ்க்கையில் எதை எடுத்துக்கொள்ளும் என்பது அதைப் போடுகிறவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. கென்னடிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தனக்காக மட்டும் பயன்படுத்திக்கொண்டார். இந்த நிகழ்ச்சியைச் சுவையான துணுக்காகச் சொல்லிக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாளுக்கு இரண்டு என்று பிடித்தால் 1,200 சுருட்டு 600 நாளுக்கு வரும். அந்தச் சனிக்கிழமையிலிருந்து டல்லஸ் நகரத்துத் துப்பாக்கிச் சூடு வரை கென்னடிக்கு இருந்தவை 657 நாட்கள்.

*

தடையின் நோக்கம் கியூபாவின் கழுத்தை நெரிப்பது. அது வேறு ஒன்றையும் செய்தது.

1962 பிப்ரவரி 6 வரை ஹவானா சுருட்டு என்பது அமெரிக்காவில் எந்த நல்ல கடையிலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருள். பிடிப்பதற்கு வாங்கினார்கள், பிடித்தார்கள், தீர்ந்தால் மறுபடி வாங்கினார்கள். மறுநாள் காலையில் அது தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்ற பொருளாகிவிட்டது. ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்ட பெட்டிகளை வைத்திருப்பதில் குற்றமில்லை. ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் சட்டவிரோதம், அந்தப் பக்கம் பொக்கிஷம்.

சுருட்டைச் சேர்த்து வைப்பவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். லண்டன் வணிகர்கள் பணக்கார வாடிக்கையாளர்களுக்காக வருடக்கணக்கில் பெட்டிகளைப் பழுக்க வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் சேகரிப்புப் பித்து, பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பலகையை ஆராயும் அந்தப் பழக்கம், வேகம் எடுத்தது இந்தத் தடையால்தான் என்பது என் துணிபு.

அடிப்பலகையில் என்ன இருக்கிறது? சூட்டுக்கோலால் பதித்த எழுத்து. ‘மேட் இன் ஹவானா-கியூபா’ என்று இருந்தால் பழைய காலத்துப் பெட்டி. ‘மேட் இன் கியூபா’ என்று மட்டும் இருந்தால் 1961-க்குப் பிந்தியது. ‘எச்சோ என் கூபா’ என்று ஸ்பானிஷில் இருந்தால் எண்பதுகளின் நடுவில் தொடங்கி இன்றுவரை உள்ளது. பக்கவாட்டில் 1912 முதல் ஒட்டப்பட்டுவரும் பச்சை நிற உத்தரவாதச் சீட்டு. அது கிழிபடாமல் இருக்கிறதா, பெட்டி திறக்கப்பட்டதா, ஆணி மாற்றி அடிக்கப்பட்டதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே இருப்பது அறுபது ஆண்டுப் பழைய இலை. காரம் முழுக்க அடங்கி, மணமும் மெலிந்து போயிருக்கும். சில பெட்டிகளில் பழைய புத்தகத்தின் வாசனைக்கு மேல் எதுவும் மிஞ்சியிருக்காது. அது தெரிந்தும் ஏலத்தில் கையைத் தூக்குகிறார்கள். நாவுக்காக இல்லை, அந்தத் தேதிக்காக.

1996 ஏப்ரலில், ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸின் உடைமைகள் நியூயார்க்கில் சாத்பீஸ் ஏல நிறுவனத்தில் விற்பனைக்கு வந்தன. அதில் மில்டன் பெர்ல் கொடுத்த வால்நட் பேழையும் இருந்தது. ஏல நிறுவனம் போட்டிருந்த மதிப்பு 2,500 டாலருக்குள்தான். சுத்தியல் ஓய்ந்தபோது விலை 5,74,500 டாலர். வாங்கியவர் மார்வின் ஷாங்கன், சாலிஞ்சரின் கட்டுரையை வெளியிட்ட அதே இதழின் நிறுவனர். அவருக்குக் கிடைத்தது பேழை. அதிபரின் உப்மன்கள் அதற்கு வெகுகாலம் முன்பே புகைந்து போயிருக்க வேண்டும்.

*

கடைசியாக, அந்த 1,200 சுருட்டுகளுக்கு வாஷிங்டன் கடைக்காரர்கள் வாங்கிய பணத்தின் பின்னால் கொஞ்ச தூரம் போவோம்.

கடைக்காரர் இறக்குமதியாளரிடம் வாங்கியவர். அமெரிக்காவில் ஹவானா சுருட்டைத் தருவித்தவர்களில் முக்கியமானவர்கள் மூவர்: ஆல்ஃபிரட் டன்ஹில் ஆஃப் லண்டன், சாக்ஸ், ஃபேபர் கோ அண்ட் கிரெக். இவர்களுக்குச் சரக்கு அனுப்பியது யார்? 1960 செப்டம்பருக்கு முன்பு மெனெண்டஸ், கார்சியா போன்ற முதலாளிகள். அதன் பிறகு, அதே ஆலைகளில் உட்கார்ந்த அரசின் நிர்வாகிகள்.

பெட்டியின் மேல் பெயர் மாறவில்லை. எச். உப்மன்தான். சுற்றிய கைகள் மாறவில்லை. இலை விளைந்த வுயல்ட்டா அபாஹோ நிலமும் மாறவில்லை. ஆனால் பணம் எங்கே போக வேண்டும்? ஆலையை வைத்திருக்கும் ஹவானா அரசுக்கா? அந்தப் பெயரை அமெரிக்காவில் பதிவு செய்து வைத்திருந்த, இப்போது ஆலையில்லாமல் அந்நிய மண்ணில் நிற்கும் குடும்பங்களுக்கா?

குடும்பங்கள் வழக்குப் போட்டன. கியூப அரசும் அமெரிக்க நீதிமன்றத்துக்கே வந்து தன் பங்கைக் கேட்டது. இறக்குமதியாளர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் 1976-ல்தான் அது ஓய்ந்தது. அதற்குள் உலகத்தில் இரண்டு எச். உப்மன்கள், இரண்டு மாண்டிகிறிஸ்டோக்கள் பிறந்துவிட்டன. ஒன்று கியூபாவில், மற்றது கியூபாவுக்கு வெளியே.

நிலத்தையும் ஆலையையும் ஒரு புரட்சி எடுத்துக்கொள்ளலாம். பெயரையும் எடுத்துக்கொள்ள முடியுமா? இரண்டில் எது அசல் உப்மன்?

(தொடரும்)